கிருஷாந்தி மிஸ் சொன்ன பதில்

கார் ஓட்டப் பழகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. பெண்தான் பழக்குகிறாள் என்றதும் என் கணவர் ஸரூக் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். பதுளை டவுனில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. ஆனால் ஒரு காரில் இரண்டு பேரை ஏற்றிப் பழக்குவார்கள், மற்றவர் ஆணாகவும் இருக்கலாம் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின் ஸீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்களுக்குப் பழக்கிய கிருஷாந்தியின் கதையில் பாதியை நான் அந்தப் பின் ஸீட்டில் இருந்துதான் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா முத்தையாவும் அம்மா அன்னலட்சுமியும் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்ந்தவர்கள். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு டிரைவிங் ஸ்கூலில் பெயர் பதிகிற வேலைக்கு வந்த பெண், பகல் சாப்பாட்டு நேரங்களில் தானே ஓட்டப் பழகி, பிறகு மற்றவர்களுக்குப் பழக்கவும் தொடங்கிவிட்டாள். டவுனில் ஒரு மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். பதிலைக் கேட்ட பிறகு இரண்டாம் தடவை வர மாட்டார்கள்.

என்னோடு பழக வந்தவர் ரிஷி சேர். பசறைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்கு வாத்தியார். அவருடைய குடும்பம் பதுளையில் மூன்று தலைமுறையாக நகைக் கடை வைத்திருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் அவர் போன பஸ் ஒரு வளைவில் புரண்டு, தோள் எலும்பு முறிந்தவர். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாராம். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மிஸ், எனக்குப் பயம். கை நடுங்கும். சிரிச்சிறாதீங்க."

"சிரிக்க மாட்டேன் சேர். பயமே இல்லாம வர்றவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

இரண்டாம் வாரம் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் அவர் காரை நிறுத்திவிட்டார். எடுக்க எடுக்க என்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. சேரின் கழுத்து வேர்த்ததைப் பார்த்தேன். கிருஷாந்தி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னாள்: "அடிக்கட்டும் சேர். ரோட்டு அவங்களுக்கு மட்டுமா? நீங்க ஒங்களுக்கு முடியிறப்ப எடுங்க."

நான்காவது தடவை கார் ஏறியது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பார்க்கச் சொல்லி நான்தான் பின்னால் இருந்து கத்தினேன்.

எனக்கு முதல் தடவையே லைசன்ஸ் கிடைத்தது. சேர் இரண்டு தடவை டெஸ்ட்டில் தவறினார். இரண்டாம் தடவை வேண்டுமென்றே தவறினாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஒருவரையொருவர் விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்ட பிறகும் அவர்கள் 'மிஸ்', 'சேர்' என்றேதான் பேசிக்கொண்டார்கள்.

நகைக் கடைக் குடும்பம் லயத்துப் பெண்ணுக்குச் சம்மதிக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சம்மதித்தார்கள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பெண் பார்க்க வந்தார்கள். துணைக்கு வரச் சொல்லி அவள் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். முத்தையா சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கோயிலில் இருந்து நாற்காலிகள் வாங்கி வந்து போட்டிருந்தார். சேரின் அம்மா நல்ல மனுஷி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"பொண்ணு லட்சணமா இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் வேணாம். இந்த வேலைய மட்டும் விட்டுறட்டும். தெரியாத ஆம்பளைங்களுக்குப் பக்கத்துல ஒக்காந்து ஊரச் சுத்துறது எங்க வீட்டுக்கு ஒத்துவராது."

அன்னலட்சுமி உடனே தலையாட்டினார். கிருஷாந்தி சேரைப் பார்த்தாள். சேர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது படிக்கட்டில் வைத்து அவள் கேட்டாள்: "ஏன் சேர் ஒண்ணும் பேசல?"

"இப்ப சரின்னு சொல்லிருவோம் மிஸ். கல்யாணம் முடியட்டும். அம்மாகிட்ட மெதுவா பேசிக்கலாம்."

கிருஷாந்தியின் அக்காவைப் பெரகலயில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அவளுக்கும், வேலையைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. யாரும் இன்னும் பேசவில்லை.

அந்த வாரம் ஒரு பின்னேரம் கிருஷாந்தி என் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

"அவரு நல்ல மனுசன் நஸ்மியாக்கா. அவரப் போல ஒருத்தர் இனிமே எனக்குக் கெடைக்க மாட்டாரு. ஆனா காலையில கார் சாவிய கையில எடுக்குறப்பதான் நான் யாருன்னு எனக்கே தெரியுது. ஒண்ண வச்சிட்டு இன்னொண்ண எடுத்துக்கன்னா எப்புடி?"

நான் கல்யாணத்தைச் செய்துகொள்ளச் சொன்னேன். வயது போன பிறகு தனிமை பொல்லாதது என்றேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அது அவளுக்கான புத்தி இல்லை, என்னுடைய பயம்.

அவள் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற உடுப்போடேயே சேரின் வீட்டுக்குப் போய், அவருடைய அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள்: "அம்மா, எனக்கு ஒங்க மகனப் புடிச்சிருக்கு. வேலைய விட முடியாது. இப்ப சரின்னு தலையாட்டிட்டு, கல்யாணத்துக்குப் பொறகு வந்து சண்ட போட எனக்கு இஷ்டம் இல்ல."

சேரின் அம்மா அவளுக்குத் தேநீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "நீ மனசுல ஒண்ணும் மறைக்காம வந்து சொன்ன. நானும் மறைக்க மாட்டேன். அப்ப இது சரிவராதும்மா" என்றார்.

சேருக்குக் கோபம் வந்தது. "என்னக் கேக்காம எப்புடிப் போனீங்க?" என்று போனில் கத்தினாராம். "ஒங்களத்தான் மொதல்ல கேட்டேன். மெதுவான்னு சொன்னீங்க" என்று இவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதம் பேச்சில்லை. கிருஷாந்தி மெலிந்துபோனாள். ஆனால் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. முத்தையா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டார்: "எங்களுக்குப் பொறகு ஒனக்கு யாருடி இருக்கா?"

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, மழையில், பழைய ஆல்ட்டோ ஒன்று அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே சேர் மட்டும் இருந்தார். வேறொருவரிடம் பழகி லைசன்ஸ் எடுத்து, பசறையில் இருந்து அத்தனை வளைவுகளையும் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பசறையில தனியா ஒரு வீடு வாடகைக்கு எடுத்துட்டேன் மிஸ். ஒங்களுக்காக இல்ல. இந்த வயசுல எங்கம்மா முன்னால ஒரு வார்த்த பேசலயேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. நீங்க வேலைய விட வேணாம். என்னக் கட்டிக்குவீங்களா?"

யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். நான் நிச்சயமாக என்றிருப்பேன்.

"கல்யாணம் இப்ப வேணாம் சேர். வேணும்னு தோணுனா நானே வந்து கேக்குறேன்" என்றாள் கிருஷாந்தி. "ஆனா நீங்க வேணும்."

சேர் ஈரத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு பதிலுக்கு அவர் ஆயத்தமாக வந்திருக்கவில்லை. ஒரு மாதம் யோசித்தார். பிறகு சரியென்றார்.

இது நடந்து மூன்று வருடம். அவளுக்குப் பதுளையில் வீடு, அவருக்குப் பசறையில் வீடு. லீவு நாட்களில் ஒருவர் மற்றவரிடம் போவார்கள். சும்மா நடந்துவிடவில்லை. நாலைந்து வீட்டுப் பெண்கள் அவளிடம் கார் பழகுவதை நிறுத்தினார்கள். பாடசாலை அதிபர் சேரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளோடு பழக்கம் வேண்டாம் என்று ஸரூக் என்னிடமும் சொன்னார். அவர் முகம் கொஞ்ச நாள் இறுகித்தான் இருந்தது. நான் போவதை நிறுத்தவில்லை.

போன தீபாவளிக்கு இருவரும் லயத்துக்குப் போயிருக்கிறார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மா வந்து, "கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணியாச்சாமே, ஒங்கம்மா சொன்னா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல அத்த. ரிஜிஸ்டர் பண்ணல" என்றாளாம் கிருஷாந்தி.

அந்த அம்மா போன பிறகு அன்னலட்சுமி அடுப்படியில் இருந்து வெளியே வந்தார். கிருஷாந்தி விடவில்லை. "ஏம்மா பொய் சொன்ன?"

"ஒனக்கு உண்மை போதும். நாங்க இந்த லயத்துல இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, அன்னலட்சுமி சேரின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாராம். முத்தையா குழம்புச் சட்டியைச் சேரின் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார்.

போன வாரம் அவளைக் கடையில் பார்த்தபோது நான் கேட்டேன், கல்யாண ஆசை இப்போதாவது வருகிறதா என்று.

"சில நாள் வருதுக்கா. அன்னிக்கே அவர்கிட்ட சொல்றதில்ல. மறுநாளும் இருக்கான்னு பாக்குறேன்."

"இருந்திச்சா?"

"போன மாசம் மூணு நாள் இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.