அடித்த கைக்கு ஐஸ்

'இது ஏழைகளின் ஆட்சி' என்று மந்திரி மைக்கில் சொன்னதை நம்பி, அறுவடைக் கூலியைக் கூட்டச் சொல்லி வரப்பில் உட்கார்ந்தோம். போலீஸ் தடியால் பதில் சொன்னது. சாயங்காலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர், என் தோளை வீங்கவைத்த அதே ஏட்டு. பாவம், அடித்து அடித்து அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெரிய மீசையை இடது கையால் முறுக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் அவருக்கு மட்டும் வந்தது. பாதியை என்னிடம் நீட்டினார்.

"நேரா வைக்காதே, துணியில சுத்தி வை. தோல் புண்ணாயிடும்."

என் தோல்மேல் அரசாங்கத்துக்கு இவ்வளவு அக்கறையா!

"நாளைக்கும் உட்காருவீங்களா?" என்றார்.

"கூலி கூடுற வரைக்கும் உட்காருவோம் ஏட்டையா."

"ரெண்டு நாள் கழிச்சு உட்காருங்களேன். கைக்கு ஓய்வு வேணும்னு டாக்டர் சொல்றார்."

மறுநாளும் உட்கார்ந்தோம். மீசைக்கு வளையாத அந்த இடது கை தடிக்கு எப்படி வளைந்ததோ, இன்றுவரை புரியவில்லை.