படிக்காமல் விட்ட நன்றிக் கடிதங்கள்

அடுத்தவர் சந்தோஷத்தைக் கேட்டால் தெரேசாவுக்குக் குமட்டும். ஆனால் பாருங்கள், அதைக் கேட்பது மட்டுமல்ல, வாய் இனிக்கப் படிப்பதும் அவள் வேலையாகிப் போனது. ஜார்ஜ் டவுனில் அவள் போகும் கோயிலில் புதன்தோறும் மாலையில் சகாய மாதா நவநாள். மக்கள் பெட்டியில் போடும் மன்றாட்டுகளையும் நன்றிக் கடிதங்களையும் பிரித்து மைக்கில் படிப்பவள் அவள்தான். பதினோரு வருடமாக. மகனுக்கு வேலை கிடைத்தது, நன்றி தாயே. மகளுக்கு வரன் அமைந்தது, நன்றி தாயே. படித்து முடித்து, கெலுகோரில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி, "எல்லாம் பீத்தல்" என்பாள். கணவர் ஹென்றி பதில் சொல்லமாட்டார். பக்கவாதம் அவருடைய பேச்சில் பாதியைக் கொண்டுபோயிருந்தது.

ஊரில் எவரையும் பொறுத்துக்கொள்வாள், பெவர்லியை மட்டும் முடியாது. புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தாறு வருடத்தில் பெவர்லி சூப்பர்வைசர். தெரேசா இன்னும் அதே மேசையில் பூதக்கண்ணாடி வைத்துச் சரக்கில் பழுது தேடுகிறாள். பெவர்லிக்கு மாடி வீடு, ஓட்டிப் போகக் காடி, கார் வாங்கி விற்கும் கணவர் டெரன்ஸ், மெல்பர்னில் படிக்கும் மகள். அத்தனைக்கும் நீல மையில், சாய்ந்த எழுத்தில் ஒவ்வொரு நன்றிக் கடிதம் வேறு! வயிறு எரியாமல் என்ன செய்யும்? கடைசியாக வந்த மூன்று கடிதங்களைத் தெரேசா படிக்கவே இல்லை. கைப்பையில் சுருட்டிப்போட்டு, வீட்டுக் குப்பையில் மீன் செதிலோடு கொட்டினாள். மாதாவுக்கு எழுதினதை! இப்படியும் ஒரு மனுஷியா என்று கேட்கிறீர்களா? நன்றாகக் கேளுங்கள். இதைவிடக் கேவலம் இன்னும் இருக்கிறது.

போன மாதம் அதே நீல எழுத்தில் ஒரு மன்றாட்டு வந்தது. "மார்பில் கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது தாயே." பெயர் இல்லை. இருக்க வேண்டுமா என்ன? பூசை உடை மாற்றும் அறையில் தனியாக நின்று படித்த தெரேசாவின் நெஞ்சுக்குள் ஏதோ தித்தித்தது. ஆமாம், தித்தித்தது. உனக்கும் வந்துச்சா, வரட்டும். உதடு தானாகச் சிரித்தது. பீரோக் கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். அடச்சீ! செத்த எலியை மிதித்தவள் போலத் துள்ளி, பின்பக்கக் குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். குடித்த டீ வந்தது. தித்திப்பு உள்ளேயே இருந்தது.

அந்த மன்றாட்டைப் படித்தாள். குரல் நடுங்கியது. எவ்வளவு உருக்கமாகப் படிக்கிறாள் என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரேசாவுக்குத் தன்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

வெளியே பெவர்லி காத்திருந்தாள். "அது என் லெட்டர்தான். நாளைக்கு ரிசல்ட் லா. கூட வர்றியா?"

"டெரன்ஸ் வரலையா?"

"ஜுருவுல ஒரு காடி கைமாத்தணுமாம். நீயே போய்ட்டு வான்னுட்டாரு."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து, வருகிறேன் என்றாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பெவர்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. தெரேசா அதை விலக்க நினைத்தாள், முடியவில்லை. ஹென்றி பக்கவாதத்தில் விழுந்த வருடம், தன் பகல் ஷிப்டை இவளுக்குக் கொடுத்துவிட்டு, இவளுடைய இரவு ஷிப்டை ஐந்து மாதம் பார்த்தவள் பெவர்லி. அதனால்தான் வேலை தங்கியது, ஹென்றியும் பிழைத்தார். அதற்கு ஒரு நன்றி சொன்னாளா தெரேசா? சொன்னால் அவள் கொடுத்தவள், நான் வாங்கினவள் என்றாகிவிடுமே! ஊரார் நன்றியை எல்லாம் படித்தவள், தன் கையால் ஒன்றுகூட எழுதிப் பெட்டியில் போட்டதில்லை. ஹென்றி எழுந்து நடந்ததற்குக்கூட இல்லை.

டாக்டர் கூப்பிட்டார். புற்றுநோய் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி. பெவர்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தெரேசா தன் நெஞ்சுக்குள் பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன ஏமாற்றம் உட்கார்ந்திருந்தது. தூ, இன்னுமா? அதை எப்படி விரட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆண்டவரே, இவளை எனக்கு விட்டு வச்சதுக்கு நன்றி" என்று வாய்விட்டுச் சொன்னாள். வேப்பெண்ணெய் குடித்ததுபோல் கசந்தது. மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை அவளும் அழுதுவிட்டாள். அந்த அழுகை நடிப்பில்லை.

அடுத்த புதன்கிழமை எல்லாக் கடிதமும் முடிந்தபின் தன்னுடையதைப் பிரித்தாள். "என் கணவர் நடக்கிறார், நன்றி. அவர் படுத்திருந்தபோது பெவர்லி ஐந்து மாதம் என் இரவு ஷிப்டைப் பார்த்தாள், நன்றி. இன்று பெவர்லிக்கு நோய் இல்லை, நன்றி. இப்படிக்கு, தெரேசா." பெயர் சொல்லிப் படிக்கும் வழக்கமே அங்கே கிடையாது.

வாசலில் பெவர்லியை நிறுத்தினாள். "உன்னோட மூணு நன்றி லெட்டரை நான் படிக்கல. குப்பையில போட்டுட்டேன்."

"தெரியும். வாரா வாரம் உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்." பெவர்லியின் முகம் கோணியது. "சீ! உன்னைப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சுடி எனக்கு."

"எனக்கும்தான்" என்றாள் தெரேசா. "தெரிஞ்சுமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட?"

"கூப்பிட வேற யாருடி இருக்கா எனக்கு?"

தெரேசா அவள் கையைப் பிடித்தாள். பெவர்லி உதறினாள். தெரேசா மறுபடியும் பிடித்தாள்.