தேவநேசன் பக்கத்து இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற சாலையில், காலை ஷிப்ட் ஏறுவதற்கு முன்னால் தயாமணியின் தள்ளுவண்டியைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். இட்லி, பூரி, வடகறி. ருசிக்காக வருகிறவர்கள் பாதி, அவள் வாய்க்காக வருகிறவர்கள் பாதி. யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள், திட்டாதபோது பாடிக்கொண்டிருப்பாள். பாட்டெல்லாம் அவள் ஊரான ஆலமேட்டு இம்மானுவேல் ஆலயத்தில் பாடுகிற பாட்டுதான். வெள்ளைக்காரன் காலத்து ராகம், தமிழ் வார்த்தை.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கூலி வீட்டில் பிறந்தவள், தேவநேசனைக் கட்டிக்கொண்டு ஆலமேட்டுக்கு வந்தாள். தேவநேசன் லாரி ஓட்டினார். மகள் இளமதியை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த கையோடு, ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் தயாமணி வண்டி போட்டாள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் யார் வீட்டுப் பூசணி எவ்வளவு பெரிது என்று பார்ப்பதிலிருந்து, கிறிஸ்துமஸ் பஜனைக்கு எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்பது வரை அவள் பேச்சு இல்லாமல் எதுவும் நடக்காது.

ஒருநாள் சட்னி ஊற்றிக்கொண்டே அவள் பாடியபோது, வரிசையில் நின்ற ஒருவன் அதே ராகத்தைப் பிடித்து அடுத்த அடியைப் பாடினான். வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. ராகம் ஒரு சுருதி பிசகவில்லை.

கரண்டியோடு நிமிர்ந்தாள். "டேய், இது உனக்கு எப்படித் தெரியும்?"

பாடினவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்றவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "அம்மா, எங்க ஊர் சர்ச்ல இது இருக்கு. ஜார்க்கண்ட். நாங்க லூத்தரன்."

தமிழ் பேசினவன் சிலாஸ். பாடினவன் நிரல். இரண்டு பேரும் கம்பி வெட்டுகிற இடத்தில் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ரூமில் படுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள்.

"கோயில் இங்கியே கீது, ரூம்ல இன்னாடா படுத்துகினு கீறீங்க?" என்றாள் தயாமணி.

அடுத்த ஞாயிறு வந்தார்கள். வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார்கள். அவள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். "இந்திக்காரப் பசங்க" என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் பின்னால் இருந்து நிரலின் குரல் எழுந்தது; திரும்பிப் பார்த்தவர்கள் திரும்பினபடியே இருந்துவிட்டார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பஜனையில் நிரல் கழுத்தில் மத்தளம் மாட்டிக்கொண்டு அடித்த அடியில், இந்துத் தெரு ஆட்களும் கதவைத் திறந்து வந்து நின்று பார்த்தார்கள். நெல் வயல் வைத்திருக்கும் ஆதிநாராயணன் தன் வீட்டில் எல்லோருக்கும் டீ கொடுத்து, "இன்னொரு தபா அடிப்பா" என்று கேட்டார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் நிரலுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. சிலாஸும் மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தயாமணி தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார்கள். ஒருநாள் காலை கஞ்சித் தூக்கோடு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது சிலாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டில் காலியாக இருந்தது.

ஊருக்கு உடலைக் கொண்டுபோக அவர்களுக்கு வழியில்லை. போனில் நிரலின் அம்மா சலோமி வெகுநேரம் அழுதாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். சிலாஸ் அதைத் தமிழில் சொன்னான்: "ஜெபம் பண்ணி, கோயில் மண்ணுல வைக்கணுமாம்."

அன்று மத்தியானமே கோயில் வேப்பமரத்தடியில் சபைக் கமிட்டி கூடியது. ஆயர் வசந்தகுமார் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். ஆயரை அந்தச் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பொறுப்பில் இருக்கும் குருசேகரத்தில் பல ஊர்ச் சபைகள். அவர் இல்லாத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிற எபினேசர்தான் கமிட்டிச் செயலாளர்; ரிட்டையர் ஆன வாத்தியார்.

எபினேசர் கெட்டவர் இல்லை. ஆனால் பொறுப்பு அவர் தலையில். "ஐயரே, கல்லறைத் தோட்டத்துல பாதி ரோடு அகலம் பண்ணப்ப போயிட்ச்சு. மிச்சத்துல ஊட்டுக்கு ஒரு எடம்னு பிரிச்சிகினு கீறோம். காலி எடமே இல்ல. சபையில பேர் இல்லாத புள்ளைக்கு யாரு எடத்தக் குடுக்கறது? நாளைக்கு நம்ம ஜனங்க கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

பொது மயானம் இருக்கிறது என்றார் ஒருவர். சிலாஸ் யார் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு முழுக்கப் புரியவில்லை என்றாலும் முகம் புரிந்தது.

தயாமணி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"என் ஊட்டுக்காரர் பக்கத்துல ஒரு எடம் கீதே. அங்க வைங்க."

"அது உனக்குன்னு வச்ச எடமாச்சே, தயாமணி" என்றார் எபினேசர்.

"நான் இன்னா இப்பவே சாவப்போறனா? அந்தப் புள்ள காத்துகினு கீது. அதைப் பாருங்க."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயர் எழுந்து, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். அதுதான் தீர்மானம்.

சாயங்காலம் ஆலமேடே திரண்டு வந்தது. பெண்கள் சங்கத்தார் வெள்ளைச் சேலையில் முன்னால் நடந்தார்கள். வாய்க்கால் ஓரம் பாதை குறுகல் என்று ஆதிநாராயணன் தன் வயலுக்குள்ளேயே பெட்டியைத் தூக்கிப் போகச் சொன்னார். குழியை ஆலமேட்டு ஆண்களும் நிரலின் கூட்டாளிகளும் சேர்ந்துதான் வெட்டினார்கள். மண் போட்டபோது சிலாஸ் பாடினான். ராகம் தெரிந்ததால் எல்லோரும் தமிழில் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் தயாமணிக்கு, தேவநேசனிடம் கேட்காமல் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. செத்தவரிடம் எப்படிக் கேட்பது என்றும் தோன்றியது. மகளுக்குப் போன் செய்து சொன்னாள்.

இளமதி, "எங்கப்பா பக்கத்துல யாரோ ஒருத்தன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றாள்.

"நேரம் இல்லம்மா."

"நீ எங்கம்மா போவ?"

இளமதி போனை வைத்துவிட்டாள். மாசி முழுக்க மகளிடமிருந்து போன் வரவில்லை. வண்டியில் இட்லி அவிந்தது, பூரி பொரிந்தது. பாட்டு மட்டும் கொஞ்ச நாள் வரவில்லை.

ஈஸ்டர் நெருங்கியபோது சிலாஸ் அவளிடம் வந்தான். தங்கள் ஊரில் ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்னால் எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றிப் பூ வைத்துப் பாடுவார்கள், ஆண்டவர் எழுந்த செய்தியை முதலில் செத்தவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள் என்றான். இங்கே செய்யலாமா என்று கேட்டான். நிரலின் அம்மாவும் வருகிறாளாம்.

தயாமணி எபினேசரிடம் போனாள். மறுபடியும் வாக்குவாதம் நடக்கும் என்று தயாராகத்தான் போனாள். அவர், "சாவி நானே எடுத்துகினு வரேன்" என்றார். கோயிலில் விடியற்கால ஆராதனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஐயரும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சலோமி சென்னை வந்து, அங்கிருந்து யூனிட் ரயிலில், அந்த மின்சார ரயிலில், வந்து இறங்கினாள். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு துணி மூட்டை. தயாமணியைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொடப் போனாள். தயாமணி தடுத்து, தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது; அன்று முழுக்கச் சைகையிலேயே ஓட்டினார்கள். சேர்ந்து வெங்காயம் உரித்தார்கள்.

கிழக்கு வெளுக்காத நேரத்தில் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டை எபினேசர் திறந்தார். வந்தவர்கள் சிலாஸின் கூட்டாளிகள் மட்டுமில்லை. பெண்கள் சங்கத்தார் வந்தார்கள், பாடகர் குழு வந்தது, வருஷக்கணக்கில் அங்கே எட்டிப் பார்க்காத குடும்பங்களும் துடைப்பமும் பூவுமாக வந்து தங்கள் ஆட்களின் கல்லறைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கேட் ஓரத்தில் இளமதி புருஷனோடு நின்றிருந்தாள். கையிலிருந்த சாமந்திப் பூவில் பாதியைப் பிரித்துத் தாயிடம் நீட்டினாள்.

கூட்டாளிகள் சிமெண்ட் பூசி வைத்திருந்த மகன் கல்லறையைச் சலோமி கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, நிறுத்தாமல் தேவநேசனின் கல்லறைக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தபடியே சிலாஸிடம் ஏதோ கேட்டாள்.

"நிரல் பக்கத்துல இருக்கறவர் யாருன்னு கேக்கறாங்க, அம்மா."

"என் ஊட்டுக்காரர்னு சொல்லு."

சலோமி நிமிர்ந்து பார்த்தாள். இன்னொன்று கேட்டாள். சிலாஸ் சொல்லத் தயங்கினான்.

"இன்னாடா?"

"நல்ல மனுஷனான்னு கேக்கறாங்க."

தயாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "கோவக்காரரு. பேஜாரு புடிச்ச ஆளு. ஆனா பசங்கன்னா உசுரு. லாரில யாரு கை காட்னாலும் ஏத்திகினு வருவாருன்னு சொல்லு."

பின்னால் நின்ற இளமதி, "போண்டா வாங்கிக் குடுப்பாருன்னும் சொல்லு" என்றாள்.

சிலாஸ் எல்லாவற்றையும் சொன்னான். சலோமி கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, கல்லில் எழுத்து இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். அப்போது பாட்டு தொடங்கியது. இரண்டு மொழியும் ஒரே ராகத்தில் ஏரிக்கரை வரை போயிற்று.

சலோமி ஒரு வாரம் தங்கினாள். காலையில் வண்டியில் பூரிக்கு மாவு தேய்த்துக் கொடுத்தாள். தயாமணி தேய்ப்பதை விட மெல்லிசாக வந்தது, வாடிக்கைக்காரர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். ரயில் ஏறும்போது இரண்டு பேரும் தங்கள் தங்கள் பாஷையில் ஏதேதோ பேசிக்கொண்டார்கள். சிலாஸ் மொழிபெயர்க்க வந்தான். வேண்டாம் என்று இருவருமே கையைக் காட்டினார்கள்.

ஆலமேட்டில் இப்போது ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முதலில் கல்லறைத் தோட்டம், அப்புறம்தான் கோயில். மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடத்தை சிலாஸ் தன் மொழியிலும் வாசிக்கிறான்.