மாமாவுக்கு ஊட்டிய ஆராய்ச்சி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கான படிப்பு. கிடைக்காத நாட்களில் என்னோடு அந்தப் படிப்பும் நின்றுகொண்டுதான் வந்தது.

மாமனார் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு கொஞ்சம் குழறும். பிடிவாதத்துக்கு ஒரு குறையும் இல்லை. மதியம் கூழ் என்றால் இடது கையால் டம்ளரைப் பிடித்துத் தானே குடித்துவிடுவார். காலையும் இரவும் மட்டும் என் கையால்தான் இறங்கும். கோர்ட்டில் வேலை பார்த்த என் கணவர் ஒரு தடவை ஊட்டிப் பார்த்தார். மனுஷன் எதிரியிடம் பிடிபட்டவர் மாதிரி வாயைப் பூட்டிக்கொண்டார். அதோடு அந்த வேலை என் தலையில் விடிந்தது.

எனக்குப் படிக்க வேறு நேரம் ஏது? ஊட்டிக்கொண்டே படித்ததை அவரிடம் சொல்வேன். கண்மாய்க் கரைகளில் முளைக்கும் கோரைகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. "மாடே திங்காததை எதுக்கு தாயி எண்ணிக்கிட்டிருக்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கோபம் வந்தது. மறுநாள் பதிலோடு போனால் வேறு கேள்வி தயாராக இருந்தது. என் கைடுகூட அத்தனை கேள்வி கேட்டதில்லை.

மதுரையில் வாய்மொழித் தேர்வு என்று தகவல் வந்தது. விடியுமுன் கிளம்பினால் திரும்ப இரவாகும். மாமா வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டால் தேர்வாளர்கள் மறுபடி எப்போது கூடுவார்களோ, யார் கண்டது? "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ," என்றார் கணவர். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் எனக்குத் தெரியுமே. பயந்துகொண்டேதான் பஸ் ஏறினேன்.

அங்கே தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். ரசஞ்சோற்றுக்கு நடுவில் மாமா எப்போதோ கேட்ட அதே கேள்வி. "நோ, மாமா" என்று ஆரம்பித்துவிட்டேன். அறையே சிரித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவேளை, பட்டம் தப்பியது.

ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தால், மாமா சாய்ந்து உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். காலையில் இட்லி, இரவில் புளிக்குழம்புச் சோறு, மறுசோறு வேறு. எல்லாம் மகன் கையால். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் என்னை ஓட ஓட விரட்டியது எதற்கு? டாக்டர் ஆகிவிட்ட தைரியத்தில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அவன் ஊட்டுதான், அம்புட்டுத்தான். ஒரு பேச்சு கெடையாது," என்றார் மாமா, ஒவ்வொரு சொல்லாக. "நீ ஊட்டுனாத்தானே தாயி, எங்கிட்ட ஒரு ஆளு பேசுது."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "படிப்புதான் முடிஞ்சுபோச்சே மாமா. இனிச் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மாமா இடது கையை அலட்சியமாக ஆட்டினார்.

"அப்ப வேற ஒண்ணு படி."

அழுதுவிட்டேன். பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால்கோவா வாங்கப் போனார்.