ரேடியோவின் வாய்க் கிருமி

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். வாயை மூடத் தெரியாத பிறவி. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். புத்தகம் கேட்டு வந்தவர்களிடம் கதையின் முடிவைச் சொல்லித் தொலைத்தாள். மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்தாள். காய்ச்சலோடு வந்தவர் தலைவலியும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். இரண்டு இடத்திலும் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு வைரஸ் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலை கிடைத்தது. கதவு சாத்திய சின்ன அறை, தட்டுத் தட்டாக உயிருள்ள செல்கள், மனுஷ வாடையே கிடையாது. தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

மனுஷர் இல்லாவிட்டால் என்ன? அவள் செல்களோடு பேசினாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "என்ன, நேத்து நல்லா சாப்பிட்டீங்களா? எங்க நாத்தனார் பண்ணின கூத்தக் கேளுங்க" என்று ஆரம்பித்தால், தட்டுகளுக்குப் புதுத் தீனி ஊற்றி முடியும்வரை ஓயமாட்டாள். மாஸ்க் கழற்றக் கூடாது, பேசக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. அந்த அறிவிப்பைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைப்பவளும் அவள்தான்.

செல்கள் தளதளவென்று வளர்ந்தன. அப்புறம்தான் அந்த அதிசயம். மற்றவர்கள் வளர்த்த செல்லில் வைரஸை விட்டால் இரண்டே நாளில் பல்கிப் பெருகி எல்லாவற்றையும் துவம்சம் செய்துவிடும். ரேடியோ வளர்த்த செல்லில் கால்வாசிகூடப் பெருகவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார்கள், அதே கதைதான். ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வைரஸுக்கே மசியாத செல்லை வளர்த்துவிட்டாள் என்று ஆளாளுக்கு வந்து ரேடியோவின் கையைக் குலுக்கினார்கள். தையல்கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வைரஸ் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

வெளியே சொல்லுமுன் வழக்கமான சோதனை ஒன்று பாக்கியிருந்தது. செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ரேடியோவே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். செல்லின் கரு மட்டும் நீல உருண்டையாகத் தெரிய வேண்டும். சுற்றிலும் மாவு சிந்தின மாதிரி பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா. மனுஷ வாயில் குடியிருக்கும் குட்டி பாக்டீரியா. இந்த அறையில் வாய் திறக்கிறவள் அவள் ஒருத்திதானே. இங்கேயிருந்தும் துரத்திவிட்டால் வேறு எந்தக் கதவைத் தட்டுவது?

நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "மேடம், செல்லெல்லாம் கெட்டுப்போச்சு. நான்தான் பேசிப் பேசியே கெடுத்துட்டேன்."

டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறார். "அடிப்பாவி. அப்ப வைரஸைத் தடுத்தது உன் வாய்க் கிருமியா?"

"எனக்குப் புரியல மேடம்."

"அந்தக் கிருமியோட மேல்தோல் பூரா கொழுப்பு ஒட்டின புரதம். அதை அடையாளம் கண்டுபிடிக்கத்தான் நம்ம செல்லு மேல பிறவியிலேயே ஏற்பின்னு ஒரு காவலாளி இருக்கு. புரதம் பட்டதும் உள்ள தகவல் போகும், செல்லு உஷாராயிடும். நாம வைரஸை விடுறதுக்கு முன்னாடியே உன் செல்லெல்லாம் உஷாரா இருந்திருக்கணும். பார்த்துடலாம்."

பார்த்தார்கள். கெட்ட தட்டுகளை ப்ளீச் ஊற்றி அழித்தாள் ரேடியோ, ஒவ்வொன்றிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி. புதுச் செல்களில் கிருமியைச் சேர்க்காமல், அந்தக் கொழுப்புப் புரதத்தை மட்டும் போட்டு வைரஸை விட்டார்கள். வைரஸ் அடங்கியது. காவலாளியை மருந்தால் அடைத்துவிட்டு அதே புரதத்தைப் போட்டார்கள். வைரஸ் பழையபடி ஆட்டம் போட்டது. ஆசை விடாமல் வேறொரு வைரஸை விட்டுப் பார்த்தால், அந்தத் தடியன் உஷாரான செல்லில்தான் இன்னும் ஜோராகப் பெருகினான். டாக்டரம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ரேடியோவின் வேலை என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் கப்சிப். காய்ச்சலோ என்று கணவர் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு நாள் காலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். போச்சு, சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனாள். மேசையில் மூடி திறந்த தட்டு ஒன்று. சுற்றிலும் ஆய்வுக்கூடத்து ஆட்கள்.

"கிருமி உன் பேச்சு வழியாத்தான் வந்துச்சான்னு நிரூபிக்கணும். மாஸ்க்கைக் கழட்டிட்டு இந்தத் தட்டு முன்னாடி உக்காந்து பேசு."

"மேடம், என் வேலை?"

"நாளையிலேருந்து மாஸ்க்கோட வா. மூக்குக்கு மேல இருக்கணும். இன்னைக்குப் பேசு."

"என்ன பேசணும்?"

"உனக்கு என்ன தோணுதோ அது."

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் பேசு என்று சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். பேச்சு வருமுன்னே சந்தோஷம் தாங்காமல் பொலபொலவென்று கண்ணீர் வழிந்து தட்டுக்குள் விழுந்தது.

"வேற தட்டு கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "நீ மெதுவா ஆரம்பி. நாங்க கேக்குறோம்."