ஆறு வாரம் கடிக்கக் கூடாது

என் தம்பியை எல்லாரும் 'கடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு இரண்டு காரணம். அவன் எலக்ட்ரீஷியன், சட்டைப் பையில் கட்டர் இருந்தாலும் வயரைப் பல்லால்தான் உரிப்பான். கடைவாயில் வைத்து ஒரு கடி, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே வந்துவிடும். இரண்டாவது காரணம் அவன் அடிக்கிற ஜோக்குகள். அவற்றைச் சொல்லி உங்களையும் சாகடிக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தத் தாடையைத்தான் என்னைக் கட்டியவன் உடைத்தான்.

அவன் லாரி ஓட்டுகிறவன். எட்டு வருடம் என்னை அடித்தான். கையால் அடித்தான், பெல்ட்டால் அடித்தான், ஒரு முறை இஸ்திரிப் பெட்டியைச் சூடாக முதுகில் வைத்தான். அம்மாவிடம் போய் அழுதால், "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரும்மா" என்பாள். கொஞ்ச நாள் என்றால் எட்டு வருடம் என்று எந்தக் காலண்டரில் போட்டிருக்கிறதோ தெரியவில்லை. அன்று அவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது, ஃபேன் மாட்ட வந்த தம்பி குறுக்கே பாய்ந்தான். லாரியின் ஜாக்கி ராடு கதவோரம் சாத்தியிருந்தது. ஒரே வீச்சு. விறகு முறிகிற சத்தம் கேட்டது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் துப்பிய இரண்டு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? திரும்பிப் போக வேண்டிய வீடு என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறென்ன. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான். எழுதிக் காட்டச் சொல்லி அவனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். அவன் எதுவும் எழுதவில்லை.

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். மொத்தம் நான்கு முடிச்சு. ஆறு வாரம் திறக்கக் கூடாது, திறந்தால் சேர்ந்த எலும்பும் விட்டுப்போகும். ஒரு கட்டரை மட்டும் எப்போதும் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். வாந்தி வந்து மூச்சு அடைத்தால் நான்கு முடிச்சையும் வெட்டிவிட வேண்டுமாம். "எல்லாம் தண்ணியாத்தான் குடுக்கணும். அதுக்காக வெறும் தண்ணிய ஊத்தாதீங்க. எடை இறங்கினா எலும்பு சேராது" என்றார் டாக்டரம்மா. தம்பி நோட்டில் எழுதினான்: 'கட்டரே தொடாதவன் கழுத்துல கட்டர்.' டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை.

அவனுடைய இரண்டு அறை வீட்டுக்கு நான் வந்துவிட்டேன். நாள் முழுக்க மிக்ஸி ஓடியது. பருப்பைக் குழைய வேக வைத்து, அவித்த முட்டையும் வெண்ணெயும் போட்டு அரைத்து, இரண்டு முறை வடிகட்டுவேன். ஒரு தோல் தப்பினாலும் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு நாறும். பாலில் பால் பவுடரைக் கரைப்பேன். கறியை வேக வைத்து, சாறு மட்டும் கொடுத்தால் போதாதென்று, கறியையும் கூழாக்கிச் சேர்ப்பேன். பல் போன ஓட்டை வழியாக ரப்பர் குழாயை விட்டு, சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவசரப்பட்டால் புரையேறும், புரையேறினால் என் கை தானாகக் கட்டருக்குப் போகும். அறுபத்தொரு கிலோ இருந்தவன் மூன்றாவது வாரம் ஐம்பத்துமூன்று. பழைய இரும்புக் கடைத் தராசில்தான் நிறுத்துப் பார்த்தோம். கடைக்காரர், "எடைக்குப் போடறீங்களா?" என்று கேட்டார். நாலாவது வாரம் ஐம்பத்துநாலு வந்தபோது நான் அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அதற்குள் லாரிக்காரனிடமிருந்து போன் வந்தது. "நீயா வர்றியா, நான் வந்து இழுத்துட்டுப் போகவா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் கதவுச் சத்தம் கேட்கவில்லை. பின்னாலிருந்து முடியைப் பிடித்தான். ஜாரைத் தூக்கி என் மேல் அடித்தான். கொதிக்கிற பருப்பு தோளிலிருந்து இடுப்பு வரை வழிந்தது. நான் விழுந்தேன். முட்டியை என் நெஞ்சில் ஊன்றிக் கழுத்தை நெரித்தான். "கிளம்புடி" என்று சொல்லிச் சொல்லி நெரித்தான். எனக்குக் கண் இருட்டியது.

தம்பி வந்து அவன் முதுகில் விழுந்தான். ஐம்பத்துநாலு கிலோ என்ன செய்துவிடும்? வயிற்றில் ஓர் உதை வாங்கி அடுப்படிச் சுவரில் போய் மோதினான். மூக்கால்தான் கத்த முடிந்தது. கழுத்திலிருந்த கட்டரைக் கையில் எடுத்தான்.

"குத்துவியாடா? வாடா, குத்து" என்று லாரிக்காரன் சிரித்தான்.

தம்பி கட்டரைத் தன் வாய்க்குள் விட்டான். டிக். டிக். டிக். டிக். நான்கையும் நான் எண்ணினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

அவன் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. என் கழுத்தில் இருந்த கையின் பெருவிரலடிச் சதையைக் கடைவாயில் வைத்தான். ஒரு கடி, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. வயர் உரிக்கிற அதே கணக்குதான். லாரிக்காரன் போட்ட அலறலில் தெருவே திரண்டது. கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வழி நெடுக ரத்தம். தம்பி வாயில் இருந்ததைத் தரையில் துப்பினான். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அதே விறகுச் சத்தத்தை நான் மறுபடியும் கேட்டிருந்தேன்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சேர்ந்த இடத்திலேயே விட்டிருக்கு. மறுபடி ஆறு வாரம். ஒண்ணும் கடிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எதைத் தின்னுத் தொலைச்ச?"

தம்பி நோட்டை வாங்கி எழுதினான்: 'மாமாவை.'

டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களையும், தோளில் கொப்பளித்திருந்ததையும் பார்த்தார்.

"போன தடவை பாத்ரூம்னு சொன்னீங்க" என்றார் மெதுவாக.

தம்பியும் என்னைப் பார்த்தான், அன்று பார்த்த அதே பார்வை. பேனா அவன் கையில்தான் இருந்தது. இந்த முறையும் அவன் எழுதவில்லை.

"அது பொய் மேடம்" என்றேன். "எட்டு வருஷத்துக் கதை இருக்கு. முதல்ல இருந்து சொல்றேன், எழுதிக்கோங்க."