அம்மா அசைத்த கை

மியூனிக் டிராமில் என் எதிரே உட்காருகிறவர்கள் சீக்கிரமே இடம் மாறிவிடுகிறார்கள். காரணம் என் விரல்கள். சைகை மொழிச் சொற்களை அசைவறியும் கேமரா வழியாகக் கணினிக்குப் புரியவைப்பது என் வேலை. போகிற வழியெல்லாம் கை தானாக ஒத்திகை பார்க்கும். ஒருமுறை ஒரு மூதாட்டி, "ஆலஸ் கூட்?" என்றார். நலமா என்கிறார். நான் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம், நாள் முழுக்க இப்படித்தான்" என்றேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

என் அக்கா மீனா பிறவியிலேயே காது கேளாதவள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கென்றே ஒரு சைகை மொழி இருந்தது. அவளால்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று வேலைக்கான நேர்காணலில் உருக்கமாகச் சொன்னேன். ஊரைவிட்டு வந்த பன்னிரண்டு வருஷத்தில் அந்த மொழியில் பாதியை மறந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

போன விடுமுறையில் கேமராவும் லேப்டாப்புமாக, அவளைக் கட்டிக்கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அரிசி டிரம் மேல் கேமராவை வைத்தேன். அக்கா தன் காதைப் பிடித்து இழுத்தாள். எங்கள் வீட்டில் அது என் பெயர். திரையில் 'குரங்கு' என்று வந்தது.

"மிஷினு சரியாத்தான் சொல்லுது மாப்ள" என்றார் அத்தான்.

சிரித்து முடித்த அக்கா, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கி மடக்கி அசைத்தாள். 'போய் வருகிறேன்' என்றது கணினி. அந்தச் சொல்லுக்கு மாதிரி காட்டிப் பதிந்தவன் நான்தான். "பாத்தியளா!" என்று அத்தான் பக்கம் பெருமையாகத் திரும்பினேன். அவள் சுவரிலிருந்த அம்மாவின் படத்தைக் காட்டி, மறுபடியும் அப்படியே அசைத்தாள்.

"அது இல்ல மாப்ள. வான்னு கூப்புடுதா" என்றார் அத்தான். "அத்தைக்குப் பேச்சு நின்ன பொறவு அவியளும் இவ பாசையிலதான பேசுனாவ. போன்ல ஒன்னயப் பாத்து அம்புட்டு நேரம் கூப்புட்டாவளே."

அந்த வீடியோ அழைப்பின்போது நான் மீட்டிங் அறை வாசலில் நின்றிருந்தேன். அம்மாவின் கை அசைந்தது. விடைகொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான அர்த்தம் அதுதான். நானும் டாட்டா காட்டிவிட்டுத் துண்டித்தேன். அடுத்த வாரம் அம்மா போய்விட்டாள்.

மன்னிப்புக்கு எங்கள் வீட்டில் சைகையே கிடையாது. உலகத்துக்கே சைகை சொல்லித்தருகிறவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எட்டி என் காதைப் பிடித்து வலிக்க இழுத்தாள்.

நான் கிளம்புவதற்குள் அந்தச் சைகையைக் கை ஓயும்வரை கேமரா முன் செய்து தந்தாள். எல்லாவற்றையும் 'வா' என்ற சொல்லின் கீழ் சேர்த்தேன்.

இப்போது மியூனிக் ஆய்வகத்தில் மாலையில் யார் கையசைத்துக் கிளம்பினாலும் திரை 'வா' என்கிறது. அக்காவின் பதிவுகளை நீக்கிப் பிழையைத் திருத்தச் சொல்கிறார் மேலாளர். நாளைக்குச் செய்கிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.